மஞ்சப் பாரில் முதுகு காட்டி உட்கார்ந்தவர்

போன மாதம் என் வீட்டுக்கு ஓர் இளம் பெண் அதிகாரி வந்திருந்தார். நான் வேலை பார்த்த அதே மீன் இலாகாவில்தான் இப்போது அவர் இருக்கிறார். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, கடலில் குப்புற மிதந்தபடி அடியில் இருக்கும் பவளப்பாறையைப் பார்க்கிறார்களே, அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர் பயிற்சி கொடுக்கப் போகிறாராம். “உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சாய்யா?” என்று கேட்டார். இல்லாமலா! எங்கள் கரையில் அந்தக் குழாயை வாயில் கவ்விய இரண்டாவது ஆள் நான்தான் என்று கொஞ்சம் மார்தட்டிக்கொண்டேன். வயசானால் அந்த உரிமைகூடக் கிடையாதா?

பிறகு அவர் பயிற்சிக்கான விதிகளை வாசித்துக் காட்டினார். படகில் இருப்பவர் தண்ணீரில் இருப்பவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவே கூடாது என்பதுதான் முதல் விதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. “விதி சரிதாம்மா. ஆனா எங்க படகுக்காரர் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். அவர் அப்படி உட்காரலேன்னா எங்க சார் பிழைச்சிருக்க மாட்டார்” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, இதை எழுதித் தாருங்கள் என்றார். எழுதுகிறேன்.

நான் சொல்லும் காலத்தில் மீமிசல் கரை தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம், அது சமஸ்தானம். என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, பர்மாவில் கடை வைத்திருந்தார். யுத்தத்தில் கடையும் போயிற்று, அவர் தெம்பும் போயிற்று. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம் நான் படிப்பை முடித்துவிட்டு, குளத்தூர், ஆலங்குடி என்று ஒவ்வொரு ஆபீசுக்கும் மனுப் போட்டு அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கடலில் கணக்கெடுக்க உதவியாளர் வேண்டும், நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு விளம்பரம் வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரணியில் அடித்த நீச்சல். தண்ணீர் தண்ணீர்தானே என்று மனுப் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. ஆத்தா மட்டும், “கப்பல்ல போனவுகளே ஒடஞ்சுபோயி வந்து நிக்கிறாக. நீ தோணியில போறேங்குறியே அப்பு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயிற்சி என்று தெற்கே ஒரு கடலோர ஊரில் வைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாந்தி எடுத்தேன், முதுகுத் தோல் உரிந்தது, மீன்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். சில வருஷம் அங்கே இங்கே மாற்றிவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் என்னை மீமிசல் பக்கம் அனுப்பினார்கள். அங்கேதான் வைத்தியநாதன் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

சார் கும்பகோணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நீளமான கை, காக்கி அரை டிராயர். யாருக்கும் அவர் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. “இப்படிச் செஞ்சு பாத்தா என்ன சிதம்பரம்?” என்பார். அதுதான் உத்தரவு. “பார்க்கலாம்” என்றால் முடியாது என்று பொருள். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்து, மரியாதை கூடிவிடும். என்னை அவர் “நீங்க” என்று சொன்னால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன். சமையல் அவரே. மண்சட்டியில் தயிர்சாதம் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு எங்கள் பாய்மரப் படகான வல்லத்துக்குக் கொண்டுவருவார். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் பிசைந்திருப்பார்.

மூன்றாவது ஆள் வல்லத்துக்காரர் சுலைமான் பாய். நாற்பது வயதிருக்கும். மீமிசலுக்குத் தெற்கே கடற்கரைக் குடியிருப்பில் வீடு. நல்ல தேக்கு நிறம், கட்டை குட்டையான ஆள், வாய் மட்டும் ஓயாது. நான் முதல் நாள் வல்லத்தில் ஏறி விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டபோது, “செட்டியாரே, வல்லம் எங்கயும் ஓடிப்போகாது, விடுங்க. கை வலிக்கப் போகுது” என்றார். அன்றிலிருந்து நான் செட்டியார்தான். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

எங்கள் கரையில் நின்று பார்த்தால் கடல் சேறாகத்தான் தெரியும். வல்லத்தில் பாய்ச்சீலை விரித்து ஒரு நல்ல தொலைவு போனால் தண்ணீர் தெளியும். அங்கே அடியில் மணலுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் பவளப்பாறை வளர்ந்திருக்கும். பார் என்று சொல்வார்கள். ஒவ்வொரு பாருக்கும் கடற்காரர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வேலை அந்தப் பார்களில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்து வரைபடம் போடுவது. அவற்றில் பெரியது மஞ்சப் பார்.

முகக்கண்ணாடியும் குழாயும் இரண்டு ஜோடி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தன. கறுப்பு ரப்பர், முட்டை வடிவக் கண்ணாடி, வளைந்த குழாய். சாருக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது நானா தென்னைமரமா என்று தெரியாது. முகக்கண்ணாடிக்குள் மூக்குக்கண்ணாடி நுழையவில்லை. பழைய மூக்குக்கண்ணாடியின் வில்லைகளைக் கழற்றி, மெழுகுவர்த்தியை உருக்கி உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். ஆகவே தண்ணீருக்குள் அவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். மேலே வந்து அதைக் கழற்றினால் வல்லம் எந்தப் பக்கம் என்று தடவுவார். ஆவி படியாமல் இருக்க இறங்கும் முன் கண்ணாடிக்குள் எச்சிலைத் துப்பித் தேய்த்து அலசுவார். “அம்புட்டுப் படிச்சவரு கண்ணாடியில துப்புறாரே” என்று பாய் என்னிடம் மெதுவாக வியந்துகொண்டார்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும், அன்று சிரிக்கவில்லை. சார் இறங்கினார். குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தார். கையையும் காலையும் விரித்து அப்படியே அசையாமல் மிதந்தார். அசைந்தால் மீன் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. நான் கரையிலேயே இதைக் கேட்டிருந்தேன். பாய்க்கு யாரும் சொல்லவில்லை. சுக்கான் பக்கம் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். “யா அல்லா!” என்று ஒரு சத்தம்தான் கேட்டது. சட்டை கைலியோடு குதித்து, சாரின் தலைமயிரைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். குழாய் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். சார் குடித்த உப்புத் தண்ணீர் ஒரு செம்பாவது இருக்கும்.

வல்லத்தில் ஏறி இருமி முடித்த பிறகு சார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். “நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டீங்களா பாய்?” என்று மிகத் தணிந்த குரலில் கேட்டார். பாய் நனைந்த கைலியைக்கூடப் பிழியவில்லை. வாயாடி மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சாரின் கோபம் எங்கேயோ போய்விட்டது.

“ஐயா, அப்புடி மூஞ்சிய உள்ள வச்சுக்கிட்டு அசையாமக் கெடக்காதீங்கய்யா. கை காலையாவது ஆட்டுங்க” என்றார் பாய் கடைசியில்.

“ஆட்டுனா மீன் போயிடுமே.”

“அப்பச் சத்தமாவது குடுங்க.”

சார் யோசித்தார். பிறகு குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மெல்ல முனகினார். குழாயின் மேல்முனை வழியாகச் சத்தம் தெளிவாக வந்தது. “இப்படிச் செஞ்சா என்ன?” என்றார். அன்றிலிருந்து அவர் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் முனகிக்கொண்டே இருந்தார். சும்மா முனகலில்லை. கும்பகோணத்துக்காரர் அல்லவா, ராகமாகத்தான் வரும். நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனால் காம்போதி. ஏதாவது புதிதாகக் கண்ணில் பட்டுவிட்டால் மோகனம் துள்ளும். பாய்க்கு ராகம் தெரியாது. அவரே பெயர் வைத்துக்கொண்டார். “ஐயா சோத்துப் பாட்டுக்கு வந்துட்டாரு செட்டியாரே, சட்டியத் தெறங்க” என்பார். சற்று நேரத்தில் சார் ஏறிவந்து பசிக்கிறது என்பார்.

நாங்கள் வேலை செய்த முறை இதுதான். கடலில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். அது ஒரு நாள் வடக்கே இழுக்கும், ஒரு நாள் தெற்கே இழுக்கும், சில நாள் காலையில் ஒன்றும் மத்தியானம் வேறொன்றுமாக இருக்கும். மேலே வீசும் காற்றுக்கும் கீழே ஓடும் நீவாட்டுக்கும் பல நேரம் ஒத்துப்போகாது. பாருக்குப் போனதும் பாய் மடியிலிருந்து ஒரு பிடி உமியை எடுத்துத் தண்ணீரில் தூவுவார். அது போகிற திசையைப் பார்ப்பார். பிறகு வல்லத்தை நீவாடு வருகிற பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பாய்ச்சீலையை இறக்குவார். சார் அங்கே இறங்குவார். நீந்த வேண்டியதில்லை. நீவாடு அவரைப் பாரின் மேலே மெல்லக் கொண்டுபோகும். பக்கத்திலேயே வல்லமும் மிதந்து வரும். பார் முடிகிற இடத்தில் ஏற்றிக்கொண்டு, பாய்ச்சீலை விரித்து மறுபடி ஆரம்பித்த பக்கத்துக்கே போவோம். நீரை எதிர்த்து நீந்தவே கூடாது என்பதில் சாரும் பாயும் ஒரே கட்சி. முன்பக்கம் நான். சார் தலையைத் தூக்கிச் சொல்வதை எழுதிக்கொள்வேன். வல்லம் விலகினால் “கிழக்க கொஞ்சம் பாய்” என்பேன். அவர் துடுப்பால் சரிசெய்வார்.

ஆனால் பாய் சாரின் பக்கம் திரும்பவே மாட்டார். அந்த முதல் நாளுக்குப் பிறகு, சார் இறங்கியதும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிடுவார். வலையைப் பின்னுவார், கயிறு திரிப்பார், என்னைக் கேலி செய்வார். தண்ணீர்ப் பக்கம் மட்டும் பார்வை போகாது. சார் ஒருநாள் கேட்டேவிட்டார்: “என்ன பாய், என்னைப் பாக்கவே பிடிக்கலையா?”

“பாக்காட்டி என்னங்கய்யா? காது இருக்குல்ல” என்றார் பாய்.

மதராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் முகாம் பார்க்க வந்தார். எங்களோடு வல்லத்தில் வந்தவர், பாய் உட்கார்ந்திருக்கும் லட்சணத்தைப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்ததும், “இவ்வளவு அலட்சியமான ஆளை ஏன் வைத்திருக்கிறீர்கள்? மாற்றிவிடுங்கள்” என்றார். சார், “பார்க்கலாம் சார்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

என்னையும் சார் இறக்கினார். முதல் முறை முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் நான் மூச்சுவிடவே மறந்துவிட்டேன். மேலிருந்து பார்த்தபோது வெறும் கறுத்த திட்டாகத் தெரிந்த இடம் அது. உள்ளே மான்கொம்புக் காடு போல மஞ்சளும் ஊதாவுமாகப் பவளம் கிளைத்து நின்றது. கிளைகளுக்குள் நீலச் சிறுமீன்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்டது. வெயில் அலையோடு சேர்ந்து அவற்றின் மேல் ஆடியது. என்னை நீவாடு தூக்கிக்கொண்டு போனது. நான் ஏன் அழுதேன் என்று எனக்குத் தெரியவில்லை. முகக்கண்ணாடிக்குள் அழக் கூடாது, துடைக்க முடியாது.

இரண்டு மூன்று பருவம் இப்படியே நன்றாகப் போயிற்று. அந்த வருஷம் சித்திரைக் கடைசி. தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று தொடங்கப்போகிற நேரம். தொடங்கிவிட்டால் அடிமண் கலங்கி மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. மஞ்சப் பாரின் கிழக்கு விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது. அங்கே பார் முடிந்து பள்ளமாக இறங்கும். இறங்கும் இடத்தில் ஒரு பாறைப் பொந்து. அதற்குள் மூளை போலச் சுருண்டு சுருண்டு வளர்ந்த ஒரு பெரிய பவளத்தைச் சார் பார்த்துவிட்டார். தலையைத் தூக்கி, “சிதம்பரம், இது என் பாட்டன் காலத்துக்கும் முந்தியது!” என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

மேலிருந்து பொந்துக்குள் தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கிப் பார்ப்பார், மேலே வருவார், குழாயில் நிறைந்த தண்ணீரைப் புஸ்ஸென்று ஊதித் தள்ளுவார், இரண்டு இழுப்பு முனகுவார், மறுபடி முங்குவார். மோகனம் துண்டு துண்டாக வந்தது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. “போதும்னு சொல்லுங்க செட்டியாரே” என்றார் பாய். நான் சொன்னேன். சார் கையை உயர்த்தி, இன்னும் ஒரே ஒரு தடவை என்று காட்டிவிட்டு முங்கினார்.

மேலே வந்தார். நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்தார், குப்புற மிதந்தார், கை கால் விரிந்திருந்தது, குழாய் நேராக நின்றது. எப்போதும் போலத்தான் இருந்தார்.

“ஐயா வந்துட்டாரா?” என்றார் பாய், முதுகைக் காட்டியபடியே.

“வந்துட்டார் பாய்.”

“ஊதலையே.”

“வந்துட்டார், மிதக்குறார். எனக்குத்தான் நல்லாத் தெரியுதுல்ல.”

“தெரியறது இருக்கட்டும். சத்தம் எங்க?”

சொல்லிக்கொண்டே பாய் திரும்பினார். அந்த ஒரு பார்வைதான். துடுப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, அவர் தண்ணீரில் பாய்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வல்லத்தைக் காற்று ஒரு பக்கம் தள்ளியது, சாரை நீவாடு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டே வந்தது. பாய் நீவாட்டோடு சேர்ந்து நீந்தி அவரை எட்டினார். புரட்டி, முகத்தை மேலே திருப்பி, குழாயை வாயிலிருந்து பிடுங்கினார். தான் மல்லாந்து கிடந்து, சாரைத் தன் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டார். திரும்பி வர முயலவே இல்லை. “நீவாடு போற பக்கம் வாங்க! முன்னாடி வாங்க!” என்று மட்டும் கத்தினார். ஊரணி நீச்சல்காரன் நான், வாழ்க்கையில் அப்படித் துடுப்புப் போட்டதில்லை. பெயர் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே அவர்களுக்கு முன்னால் போய் வல்லத்தைக் குறுக்கே நிறுத்தினேன்.

சாரை ஏற்றிக் குறுக்குப் பலகையில் குப்புறப் போட்டோம். உதடு நீலம் பாரித்திருந்தது. பாய் முதுகை அழுத்தினார், விட்டார், அழுத்தினார். “ஐயா, சத்தங் குடுங்கய்யா. ஒரே ஒரு சத்தம்யா” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். நான் சாரின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது சில்லிட்டுப் போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் தொண்டையில் ஏதோ கரகரத்து, தண்ணீர் வெளியே வந்தது. இருமினார். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து கையால் தடவினார்.

“என் கண்ணாடி எங்கே சிதம்பரம்?” என்றார்.

பாய் சுக்கான் பக்கம் போய் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் டாக்டர், அடுத்தடுத்து மூச்சை அடக்கி முங்கி வந்தால் மேலே வந்த பிறகும் சிலருக்கு நினைவு தப்பும் என்றார். சில நாள் ஓய்வு. சாருக்கு ஆபத்து நீங்கியது. ஆனால் பாய் வேலைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். “வேற ஆளப் பாத்துக்கிடுங்க செட்டியாரே. நான் இனி அங்கிட்டு வாரதா இல்ல” என்றார். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. அவர் மனைவி ஆமினா கொண்டுவந்த தேநீரை நான் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். ஐயாவைக் காப்பாற்றிய மனுஷனுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் வந்து சொன்னதைக் கேட்டதும் சார் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வண்டி பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று மணலில் மெதுவாக நடந்தே வந்தார். பாய் பூவரச நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்ததும் எழுந்தார். சார் அவரை உட்காரவைத்து, தானும் மணலில் உட்கார்ந்தார். வலையின் ஒரு முனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பாயே ஆரம்பித்தார்.

“எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்யா. காசிம்னு பேரு. தகப்பன் இல்லாத வீட்டுல அவன்தான் என்னைய வளத்தது. மஞ்சப் பாருல மீன்கூடு போட்டுருந்தான். ஒருநாள் விடியக் கருக்கல்ல தனியாப் போனான். நான் கஞ்சி எடுத்துக்கிட்டு வேற தோணியில பின்னாடியே போனேன். தூரத்துல இருந்து பாத்தா, தோணி பக்கத்துல தண்ணியில குப்புறக் கெடக்கான். மூஞ்சி உள்ள. கை கால விரிச்சுக்கிட்டு. கூட்டைத் தேடுறான்னு நெனச்சேன்.”

வலையில் விரல் நின்றது.

“அண்ணே, என்னண்ணே அங்க பாக்குறேன்னு கூப்புட்டேன். சிரிச்சுக்கிட்டேதான்யா கூப்புட்டேன். திரும்பல. கஞ்சி ஆறுதுண்ணே, அப்பறம் பாக்கலாம் வான்னு மறுக்கயும் கூப்புட்டேன். கிட்டப் போற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே போனேன்.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் அதே பாரில், அதே கோலத்தில் ஒரு மனிதரை மிதக்கவிட்டு, இந்த மனிதரைக் காவலுக்கு உட்காரவைத்திருக்கிறோம்! அவர் முதுகைத் திருப்பிக்கொண்டாவது வந்தாரே என்று இருந்தது.

“ஏன் பாய் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?”

“சொன்னா நீங்க எறங்க மாட்டீங்க. ஐயாவுக்கு அது எம்புட்டுப் பிரியம்னு எனக்குத் தெரியாதா?”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “அந்த இடத்தை நீங்க மேலேருந்து மட்டும்தான் பாத்திருக்கீங்க பாய். கீழே என்ன இருக்குன்னு ஒருதடவை பாத்தா என்ன?” என்றார்.

“வேணாம்யா. என்னால ஆகாது.”

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஆமினா பேசினார். “போயிப் பாத்துட்டு வாங்க. இத்தன வருசமா அதே கெடப்பத்தான கனாக் கண்டு முழிக்கிறீங்க. வேற எதையாச்சும் பாத்துட்டு வாங்க.”

பாய் மறுபடியும் வலையைக் கையில் எடுத்தார். சார் வற்புறுத்தவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம். மறுநாள் காலையில் நான் கரைக்குப் போனபோது பாய் வல்லத்தைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். மடியில் உமி இருந்தது.

நல்ல வேளையாகச் சோழகம் இன்னும் பிடிக்கவில்லை; அன்றைக்கு ஏறிய காற்றும் ஓய்ந்திருந்தது. அடிமண் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. மஞ்சப் பாரின் மேட்டுப் பக்கம், ஆழமில்லாத இடத்தில் வல்லத்தை நிறுத்தினோம். சார் தன் முகக்கண்ணாடியிலிருந்து மெழுகைச் சுரண்டி வில்லைகளை எடுத்துவிட்டு, எச்சிலால் துடைத்து, தன் கையாலேயே பாய்க்கு மாட்டிவிட்டார். ரப்பர் வார் காதில் மடங்காமல் சரிசெய்து, குழாயைக் கவ்வக் கொடுத்தார். “சிதம்பரம் கூடவே இருப்பான். கையை விடமாட்டான்” என்றார். நான் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாயின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவரோ திருப்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்கும் பிடி.

முகத்தை வைத்தோம். பாய் கண்ணை இறுக மூடியிருந்தது எனக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தது. நீவாடு எங்கள் இருவரையும் மெல்ல எடுத்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தார். கீழே வெயில் பட்டு மஞ்சள் பவளம் முழுக்கப் பற்றிக்கொண்டது போலிருந்தது. நீல மீன்கள் எங்கள் நிழலைக் கண்டு உள்ளே போய், நிழல் நகர்ந்ததும் வெளியே வந்தன. ஒரு சின்ன ஆமை எங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோனது. பாயின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. போதும் போல என்று நான் கையை மேலே இழுத்தேன். அவர் என்னைக் கீழே இழுத்தார், பேசாமல் இரு என்பது போல. மணிக்கட்டில் பிடி தளர்ந்து, சும்மா கோத்துக்கொண்ட கையாக ஆயிற்று. பார் முடியும்வரை அப்படியே போனோம்.

வல்லத்தில் சார் முட்டி போட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏறும்போது கை கொடுத்தார். பாய் முகக்கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. உட்காரவில்லை. வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் கூப்புடக் கூப்புட அவன் ஏன் திரும்பலேன்னு இத்தன வருசமா எனக்கு ஆறவே இல்லய்யா” என்றார். “இம்புட்டையும் விட்டுட்டு எப்படிய்யா திரும்புவான்?”